வரச் சொல்லக்கூடாத வாசல்

போயிட்டு வாங்க. சுகிர்தா சொன்னது அவ்வளவுதான். நேற்றுக் காலையில் சிறை வாசலில் வைத்து, ஏழு வருஷத்தை உள்ளே கழித்துவிட்டு அப்போதுதான் வெயிலுக்கு வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற கொம்பையாவைப் பார்த்து, கை இரண்டையும் கூப்பி, வாயெல்லாம் பல்லாக, போயிட்டு வாங்க என்றாள். சொல்லி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போய்விட்டன. சொன்ன வார்த்தை மட்டும் போகவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது இருந்தது, ஆட்டோவில் வரும்போது இருந்தது, இதோ ஆட்சியர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், காப்பீட்டு அட்டைக்குப் பதிகிற இந்தச் சின்ன அறையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் நாக்குக்கு அடியில் கிடக்கிறது. மடியில் ஒரு உறை. அதற்குள் கொம்பையாவின் ஆதார், அவர் மனைவி பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்த ரேஷன் கார்டு, அலையாய் அலைந்து வாங்கிய வருமானச் சான்று. எல்லாம் இருக்கிறது. ஆள்தான் இல்லை. ஆள் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. விரலையும் முகத்தையும் உறையில் போட்டுக் கொண்டுவர முடியாது. கொம்பையாவின் நெஞ்சுக்குள் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. உள்ளே இருந்தவரைக்கும் காவலோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வந்தவனுக்குக் காவலும் கிடையாது, மாத்திரையும் கிடையாது, தன் பாட்டைத் தான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்குக் கூட நிற்கத்தான் சுகிர்தா வேலை பார்க்கிற சின்ன அறக்கட்டளை. திங்கட்கிழமை ஆபரேஷனுக்குப் படுக்கை சொல்லி வைத்திருக்கிறது. அட்டை இருந்தால் அந்தப் படுக்கை அவருக்கு, இல்லையென்றால் காத்துக் கிடக்கிற அடுத்த ஆளுக்கு. அதன் பிறகு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, அதுவரை நெஞ்சு தாங்குமா என்றும் சொல்ல முடியாது. இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் இங்கே இருப்பவர்கள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு ஊர் முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் வரவேண்டும். வருவார். ஏன் வரமாட்டார். வாங்க என்றுதானே சொன்னாள். அதைச் சொன்னதுதானே இப்போது இப்படிக் கிடந்து அரிக்கிறது.

நேற்று அந்தச் சிறையின் பெரிய கதவுக்குள் ஒரு திட்டிவாசல், ஆள் குனிந்தால் நுழையலாம். அதன் வழியாகக் கொம்பையா குனிந்து வந்தார், கையில் ஒரு மஞ்சள் பை, காலில் விறைப்புக் குறையாத புதுச் செருப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வார்டர் அவரோடு ஏழு வருஷம் பழகியவர். அவர் வழியனுப்புகிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. ம், நட, என்றார். கொம்பையாவும் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். அப்போதே உறைத்திருக்க வேண்டும். இவ்வளவு பழகியவர்கள் ஏன் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். அவள் யோசித்தது வேறு. என்ன மனுஷர்கள், ஒரு மரியாதை வேண்டாமா, ஆட்டை அவிழ்த்து விடுகிற மாதிரியா அனுப்புவது என்று யோசித்தாள். யோசித்ததோடு நிற்காமல் அந்த மரியாதையைத் தான் செய்துவிடுவோம் என்று போய் நின்றாள். தன் மச்சினன் உலகநாதனின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்த கொம்பையாவிடம் போயிட்டு வாங்க என்று சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். உலகநாதன் கிக்கரில் வைத்த காலை எடுத்தான். “என்னம்மா சொல்லுதிய? நல்ல நாளும் அதுவுமா வாயில வேற வார்த்தை வரலையா ஒங்களுக்கு? எங்க வரச் சொல்லுதிய? இங்கயா?” என்றான். அவளுக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை, பாதிதான் புரிந்தது, பாதி புரிந்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தாள், திருத்தப் போனாள். “இல்ல இல்ல, நாளைக்கு. நாளைக்கு வாங்கன்னுதான் சொன்னேன்.” வார்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நாளைக்கேயாம்மா? ஒரு வாரமாவது வீட்டுச் சோறு திங்க விடுங்க. எடம் எங்கயும் போயிராது, படுத்த பாயி அப்படியேதான் கெடக்கும்.” மனு போட்டு ஆளைப் பார்க்க வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. ஒரு கிழவி மட்டும் சிரிக்காமல் மண்ணில் தூ தூ என்று துப்பினாள். தனக்காகத் துப்புகிறாளா, உள்ளே இருக்கிற தன் மகனுக்காகவா, வண்டியில் இருக்கிற முன்பின் தெரியாத மனுஷனுக்காகவா. கொம்பையா என்ன செய்தார்? ராத்திரி முழுவதும் அவள் அந்த முகத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். கோபப்பட்டாரா? பட்ட மாதிரித் தெரியவில்லை. பயந்தாரா? மச்சினன் சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அது பயமா, வண்டியில் ஏறிப் பழக்கம் விட்டுப்போனதாலா? பயமாகத்தான் இருக்க வேண்டும். பயந்தவர் எப்படி வருவார். சிறை வாசலில் நின்று திரும்ப வா என்று வாழ்த்தியவள் கூப்பிட்ட இடத்துக்கு எந்தப் புத்தியுள்ளவன் வருவான்.

அவளுக்குத் தெரியாத சங்கதியா இது? போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும் என்பதற்கு ஊர் ஊராகப் பாடம் எடுத்தவள் அவள்தானே. இங்கிலாந்தில் ஒரு நகராட்சியின் உதவித்தொகைப் பிரிவில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வயதைத் தொலைத்தாள். அங்கே வந்துபோன யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி எழுந்திருக்கும்போது, போட்டு வாறன் பிள்ளை, என்பாள், அந்த ஒரு வார்த்தையில் அன்றைய குளிர் பாதியாகக் குறைந்துவிடும். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண்களுக்குக் காபி நேரத்தில் விளக்குவாள், எங்கள் மொழியில் விடைபெற வார்த்தை கிடையாது, போகிறவன் வருவேன் என்று சொல்லித்தான் வாசலைத் தாண்ட முடியும். அவர்கள் ஆகா என்பார்கள். அந்த ஆகாவை அவள் வீட்டுக்கு எடுத்துப்போவாள். மகள் பை என்று கத்திவிட்டுக் கதவை அடைத்தால், கதவைத் திறந்து திரும்பக் கூப்பிட்டு ஒழுங்காகச் சொல்ல வைப்பாள். அந்தப் பெண் பள்ளிக்கூடப் பையைத் தரையில் போட்டுவிட்டு, கண்ணை மேலே உருட்டி, போயித்து வதேன் என்று வேண்டுமென்றே மழலையாகச் சொல்லும். அவள் கணவன் ஒருநாள் பெட்டியோடு நின்று நான் போறேன் சுகி என்று சொன்னபோது, அதையும் திருத்தவே ஒரு கணம் நாக்கு எழும்பியது. எழும்பியது, அப்புறம்தான் அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று புரிந்தது. விலக்கும் தெரியும் அவளுக்கு. சாவு விழுந்த துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் சொல்லக்கூடாது. அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்று, தெரியாத்தனமாக வரோம் என்ற தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரை அத்தனை கூட்டத்திலும் அவள் முறைத்தாள். ஆக இரண்டு வாசல் தெரியும். மூன்றாவதாக ஒரு வாசல் உண்டு என்று அவள் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டி வந்ததில்லை. அப்பாவோ, அப்பாவோடு பிறந்தவர்களோ, மாமாக்களோ, யாரும் அந்தத் திட்டிவாசலில் குனிந்து நுழைந்து நிமிர்ந்து வந்தவர்கள் இல்லை. யாரையும் கூட்டிவர வாசலில் போய் நின்றதும் இல்லை. சிறைச்சுவரை ஒட்டித்தான் அவள் படித்த பள்ளிக்கூட பஸ் போகும், வரும், அந்த மதிலில் வெயில் எந்த நேரத்தில் எந்த நிறத்தில் விழும் என்பதுகூட நினைவிருக்கிறது, உள்ளே ஆள் இருப்பார்கள் என்பது மட்டும் அந்த வயதில் தோன்றியதில்லை. கடல் கடந்து பொத்திப் பொத்திக் கொண்டுபோய், ஒரு எழுத்துச் சிந்தாமல் திரும்பக் கொண்டுவந்தேன் என்று நினைத்திருந்த தமிழ். நல்ல தமிழ்தான். அந்த மதிலுக்கு இந்தப் பக்கத்துத் தமிழ். மண்ணில் துப்பிய கிழவிக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். எத்தனை தடவை அந்த வாசலில் நின்றிருந்தால் அது தெரியும்? அதை நினைக்கும்போது காதுமடல் சூடாகியது. சிரித்தார்களே என்பதற்கான வெட்கம் நேற்றோடு போயிற்று. இது வேறு. இவர்களுக்கு உதவி செய்ய வந்திருக்கிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கான வெட்கம்.

“மேடம், ஒங்க ஆளு வந்தாச்சா?” கணினிக்குப் பின்னாலிருந்து பானு கேட்டாள். மேலப்பாளையத்துப் பெண், விறுவிறுவென்று வேலை பார்க்கிறவள், கேட்டுக்கொண்டே ஒரு தாத்தாவின் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து அமுக்கினாள். “வந்திருவாரு” என்றாள் சுகிர்தா. அதே பதிலை எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாள். பானு நல்லவள், வந்ததும் முதல் ஆளாக விடுகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள், அந்த நல்ல குணமே இப்போது கடன்காரன் முகம் மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தது. உலகநாதனின் நம்பரை மறுபடி அழுத்தினாள். அடித்து அடித்து ஓய்ந்தது. வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. பெயரைப் பார்த்திருப்பான், இந்தப் பொம்பளையா என்று திரும்பப் பைக்குள் போட்டிருப்பான். மூன்றாவது தடவை கூப்பிட விரல் போனது, கூசிப்போய்த் திரும்பியது. அலுவலகத்தில் இருக்கும் முப்பிடாதியைக் கூப்பிட்டாள். “என்னக்கா, ஆச்சா?” “இன்னும் வரல முப்பிடாதி. போனும் எடுக்கல.” “மச்சினன் லோடு ஏத்தப் போயிருப்பாவக்கா. செங்கல் வண்டில்லா. போனைச் சட்டையோட கழட்டி எங்கயாவது தொங்க விட்டுருப்பாவ.” “இல்ல, நேத்து அவருக்கு ரொம்பக் கோவம்…” “அட, அதையா இன்னும் தூக்கிச் சுமந்துட்டு இருக்கிய? அது நேத்தே நாங்க ஆபீஸ்ல சிரிச்சு முடிச்சாச்சுல்லா. பீட்டர் அண்ணன் உங்களை மாதிரியே கையெடுத்துக் கும்பிட்டுக் காமிச்சாவ, எனக்கு வயிறு வலிச்சிட்டு.” முப்பிடாதி இப்போதும் சிரித்தாள், கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு, அதனால்தான் கூடுதலாக வலித்தது. “சரி, வெளிய எட்டிப் பாத்தியளா? வந்து நின்னாலும் நிப்பாவ.” “பாத்தேன்” என்றாள் சுகிர்தா.

பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஏன் பொய் சொன்னாள்? ஒரு எட்டு வைத்தால் வாசல். எழுந்து பார்ப்பதற்கு என்ன. அந்த வாசலில் ஆள் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அது முடிவான சங்கதி ஆகிவிடும். பார்க்காதவரை முதுகுக்குப் பின்னால் அவர் வந்துகொண்டே இருக்கலாம். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் முதுகு விறைத்தது, சத்தம் வேறு யாராகவோ ஆனதும் தளர்ந்தது. சின்ன வயதில் பெரியம்மா அவளைக் கருநாக்குக்காரி என்பாள். நாக்கின் ஓரத்தில் ஒரு மச்சம், மிளகளவு. பக்கத்து வீட்டுச் செவலைக் கன்று நொண்டுதே என்று இவள் சொல்லி, மறுநாள் அது நிஜமாகவே நொண்டிய கதையைப் பெரியம்மா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அதெல்லாம் அவிசுவாசிகள் பேச்சு என்று அப்பா அதட்டுவார். அந்த மச்சம் இன்னும் இருக்கிறதா? வளர்ந்தபின் பார்த்ததே இல்லை. சுகிர்தா மொபைலை எடுத்து, யாரோ செய்தி அனுப்பியதைப் படிக்கிறவள் போலக் குனிந்து, கேமராவைத் தன் பக்கம் திருப்பி, நாக்கைக் கொஞ்சமாக நீட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த குழந்தை அதைப் பார்த்துவிட்டுத் தானும் நாக்கை நீட்டியது. அவள் சட்டென்று வாயை மூடினாள். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. இரண்டு மொழியில் படித்தவள். அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து நாக்கில் மச்சம் தேடுகிறாள். சிறை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினது ஞாபகம் வந்தது, வால்வு மூடாததால போன ரத்தம் போன வழியே திரும்பி வருதும்மா, போறது போயிடணும், அதுதான் ஆரோக்கியம், என்றார். போனது போய்விட வேண்டும். அந்த நெஞ்சிடம் போய் அவள், போயிட்டு வாங்க. அய்யோ. இதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை, பீட்டருக்குக் கிடைத்தால் இன்னொரு நாள் சிரிப்பார்கள். படுக்கை வேறொருவருக்குப் போய், மாத்திரையும் தீர்ந்து, ஏதாவது ஒரு விடியலில் உலகநாதனே போன் பண்ணி, நீங்க சொன்ன நேரம்மா, என்று சொல்வான். அவள் துட்டிக்குப் போவாள். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவாள், அந்த விதி தெரியும். சே, என்ன நினைப்பு இது, இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு. கண்ணை மூடி ஜெபம் பண்ணப் பார்த்தாள். ஆண்டவரே, அவர் வரவேண்டும். எதற்கு வரவேண்டும் என்று உள்ளுக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள். நெஞ்சு சரியாகவா? இல்லை. தான் சொன்ன வார்த்தையால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொள்ள. வந்து, சிரித்து, பரவாயில்லை தாயி என்று சொல்ல. ஒரு மனுஷனின் உயிரைத் தன் வெட்கத்தைத் துடைக்கிற துணியாக வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிறாள். பாதியில் கண்ணைத் திறந்தாள். ஆமென் சொல்லவில்லை.

“மேடம், இன்னும் ரெண்டே பேருதான். அப்புறம் ஒயரைப் பிடுங்கிருவோம்” என்றாள் பானு. முகாமுக்கு வண்டி வந்துவிட்டது என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இனி உட்கார்ந்திருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. சுகிர்தா எழுந்தாள், ஒரு கால் மரத்துப்போயிருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வாசலுக்கு நேரே வராந்தா, அதைத் தாண்டினால் பைக்குகள் நிறுத்துகிற இடம், புங்க மரத்தின் நிழல் எப்போதோ நகர்ந்துபோன சுவரோரத்தில் வெயிலில் கொம்பையா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பை மடியில். புதுச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்திருந்தார். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வராந்தாவுக்கு வந்ததும் எழுந்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றார். உதடு வெளிறியிருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. “எப்ப வந்தீங்க?” “காலையிலயே மச்சான் எறக்கி விட்டுட்டு வேலைக்குப் போயிட்டான் தாயி.” “காலையிலயேவா? நான் உள்ளதானே இருந்தேன். உள்ள வந்திருக்கலாம்லா!” “தெரிஞ்சுது. ஒங்க முதுகு தெரிஞ்சுது. கூப்பிடுவியன்னு இருந்தேன்.” குற்றம் சொல்கிற குரலே இல்லை. பேர் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பது, கூப்பிடும்வரை வெயிலென்றாலும் உட்கார்ந்திருப்பது என்று ஏழு வருஷமாகச் செய்ததை அப்படியே செய்திருக்கிறார். அவள் திரும்பிப் பார்க்காததால் கூப்பிடவில்லை. “நேத்து நான் சொன்னது…” என்று ஆரம்பித்தாள், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். கொம்பையாவின் முகம் கொஞ்சம் இளகியது. “அதுவா. அதுக்குத்தான் மச்சான் போற வழியிலயே ஆத்துல எறக்கி மூணு முங்கு போட வச்சிட்டான். நல்ல தண்ணி தாயி. நீங்க சொல்லலேன்னா நேரா வீட்டுக்குல்லா கொண்டு போயிருப்பான்.” அவ்வளவுதான். அவளை ராத்திரியெல்லாம் தூங்கவிடாத வார்த்தை அவருக்கு ஒரு குளியலோடு முடிந்திருக்கிறது. காலையிலிருந்து அவள் தன் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த நெஞ்சு இந்த வெயிலில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கு எந்த ஆற்றில் போய் முங்குவது.

“வாங்க, சீக்கிரம்” என்று அவரை நடத்திக் கூட்டிவந்தாள். கடைசியாக நின்ற அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். பானு ஒன்றும் கேட்காமல் உறையை வாங்கி மளமளவென்று தட்டினாள். விரல் முதல் தடவை ஏறவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார், ஏறியது. “அய்யா, அந்தச் சுவரை ஒட்டி நில்லுங்க. இங்க, இந்தக் கேமராவைப் பாருங்க.” கொம்பையா சுவரில் முதுகு ஒட்ட நின்று பார்த்தார். கிளிக் என்றது. “வந்திட்டு மேடம். நம்பர் விழுந்திட்டு. திங்கக்கிழமை இந்தச் சீட்டைக் காமிச்சாப் போதும், படுக்கை குடுத்திருவாங்க” என்றாள் பானு திரையைப் பார்த்தபடியே. அச்சு இயந்திரம் கரகரத்தது. அப்போதுதான் பானு நிமிர்ந்தாள். சுகிர்தாவும் பார்த்தாள். கிளிக் சத்தம் கேட்டதுமே கொம்பையா யாரும் சொல்லாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தார். கை இரண்டும் தொடையோடு ஒட்டி, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு காதும் பாதி முகமும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி, அடுத்த படத்துக்காக அசையாமல் நின்றார். அது எந்த மதிலுக்குள் படம் எடுக்க நின்று பழகிய நிற்பு என்று அறைக்குள் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. “அய்யா, ஒண்ணு போதும்யா. எடுத்தாச்சு” என்றாள் பானு மெதுவாக. அவருக்குக் கேட்கவில்லை, இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், விட்டால் படம் கெட்டுப்போகும் என்று. சுகிர்தா நாலு பேர் பார்க்கப் போய் அவர் தோளில் கையை வைத்தாள். தள்ள வேண்டியே இருக்கவில்லை. தொட்டதும் திரும்பினார். ஒரு மனுஷன் இவ்வளவு லேசாகத் திரும்பக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் அவள் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.